குண்டூசி மெத்தைப் பூ: குட்டை இனத்தை விதையிலிருந்து வளர்க்கும் முறை

மூன்று ஆண்டுகளுக்கு முன் நீலகிரி மலைப்பகுதிச் சங்கம் ஒன்றின் பதிவேடுகளை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். கொள்முதல் கோப்பில் ஒரு தாள் இருந்தது. அதில் “பின்குஷன் விதை, 20 பாக்கெட்” என்று மட்டும் எழுதி, நிர்வாகக் குழுத் தீர்மானத்தின் எண்ணும் தேதியும் குறிக்கப்பட்டிருந்தன. ரசீது இருந்தது, கையொப்பங்கள் இருந்தன, தொகை சரியாக இருந்தது. ஆதலின் நானும் அத்தாளின் ஓரத்தில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று குறித்துவிட்டு வந்தேன்.

அந்த விதையை 11 அங்கத்தினர்கள் பங்கிட்டு விதைத்தனர். மே மாதத்தில் உதகையின் மலர்க் காட்சிக்கு வரும் மக்களுக்குச் சிறு தொட்டிச் செடிகளாக விற்பது அவர்கள் எண்ணம். விற்றது போக மிஞ்சிய செடிகள் தோட்டத்தில் நிலைத்து, அடுத்த ஆண்டும் பூக்கும் என்றும் நம்பியிருந்தனர். விதை முளைத்தது, செடியும் செழித்தது. ஆனால் ஒரு சாண் உயரத்தில் குவிந்து நின்று பூக்கவேண்டிய செடி, இரண்டு முழம் உயர்ந்து, தொட்டியில் நிற்கமாட்டாமல் சாய்ந்தது. பருவம் முடிந்ததும் வேரோடு காய்ந்தும் போயிற்று. தொட்டிக்கும் எருவுக்கும் சங்கத்தில் பெற்ற கடன் மட்டும் நிலைத்து நின்றது.

மறு ஆய்வுக்கு நான் சென்றபோது வயதில் மூத்த அங்கத்தினர் ஒருவர் என்னைக் கேட்டார்: “சார், நாங்கள் பூவின் பெயரை எழுதினோம். செடியின் பெயரை எழுதவேண்டுமென்று எங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம் அல்லவா?” இதற்கு என்னிடம் விடை இல்லை. விதை விற்றவரைக் குறை கூறவும் இடமில்லை. உறையின் மேல் ‘ஸ்கேபியோசா, கலப்பு நிறம்’ என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தது. கேட்டவர் எதைக் கேட்கிறோம் என்று அறிந்து கேட்கவில்லை, சரிபார்த்தவனும் அறியவில்லை. அதன் பின்னர் இரண்டு பருவங்கள் என் குடியிருப்பின் பின்புறத்தில் இச்செடியை நானே விதைத்து வளர்த்துப் பார்த்தேன். அவ்வாறு கற்றவற்றையும் நூல்களில் படித்தவற்றையும் சேர்த்து நம் அங்கத்தினர்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றிக் கூறவேண்டும். தையற்காரர் குண்டூசிகளைச் செருகி வைக்கும் பஞ்சு மெத்தையை ஆங்கிலத்தில் ‘பின்குஷன்’ என்பர். பூவின் நடுவில் மகரந்தக் காம்புகள் குண்டூசித் தலைகளைப் போல் நீட்டிக்கொண்டு நிற்பதால் இப்பூவுக்கும் அப்பெயர் வந்தது. நாம் குண்டூசி மெத்தைப் பூ என்று வழங்கலாம். தாவர நூலார் இதற்கு இட்ட பெயர் ஸ்கேபியோசா. இலத்தீன மொழியில் சொறி சிரங்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. முற்காலத்து ஐரோப்பியர் இதனைத் தோல் நோய்க்கு மருந்தாகக் கொண்டிருந்தனர். அழகிய பூவுக்கு அழகில்லாத பெயர்தான்; என்றாலும் கொள்முதல் தாளில் இந்தப் பெயரையே எழுதவேண்டும். ஏனெனில் ‘பின்குஷன்’ என்ற பெயரில் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு புதர்ச் செடியும் விற்கப்படுகிறது. அதன் பெயர் லூக்கோஸ்பெர்மம். அது புளிப்பு மண்ணை நாடும். மணிச்சத்து உரம் இட்டால் நலியும். ஸ்கேபியோசாவோ சுண்ணாம்புள்ள மண்ணை நாடும். ஒன்றுக்குரிய பக்குவத்தை மற்றொன்றுக்குச் செய்தால் இரண்டும் கெடும்.

ஸ்கேபியோசா என்று எழுதிவிட்டாலும் போதாது. அதன் பின் வரும் இரண்டாவது பெயரே செடியின் ஆயுளையும் உயரத்தையும் தீர்மானிக்கிறது. ‘அட்ரோபர்ப்யூரியா’ என்பது ஒரு பருவச் செடி, உயர்ந்து வளரும், கொய்மலருக்கு ஏற்றது. மேற்கூறிய சங்கத்தார் பெற்றது இதுவே. ‘காக்கசிக்கா’ என்பது பல்லாண்டுச் செடி, பூ பெரிது, ஆனால் இதுவும் நீண்ட காம்புடைய கொய்மலர் இனம். நாம் வேண்டுவது தொட்டிக்கும் பாத்தி ஓரத்துக்கும் ஏற்ற குட்டைப் பல்லாண்டுச் செடியாதலால் இருவகைகளையே கருதவேண்டும். ஒன்று ‘கொலம்பேரியா’ என்ற இனத்தின் குட்டை வகை. இவ்வினம் ஐரோப்பாவின் சுண்ணாம்புப் புல்வெளிகளில் தானாக வளர்வது. மற்றொன்று ஜப்பானிய மலைகளைச் சேர்ந்த ‘ஜப்பானிக்கா, அல்பைனா வகை’. பின்னது 15 முதல் 25 சென்டிமீட்டர் உயரத்தில் அடங்கி நிற்கும். விதைத்த ஆண்டிலேயே பூக்கும். விதையிலிருந்து வரும் செடிகளும் பெரும்பாலும் ஒரே சீராக இருக்கும். புதிதாகத் தொடங்குவோர்க்கு இதனையே நான் பரிந்துரைப்பேன்.

இங்கு ஓர் எச்சரிக்கை. ‘பட்டர்ஃபிளை புளூ’ என்ற குட்டைச் செடி மிகப் புகழ் பெற்றது. அமெரிக்காவின் பல்லாண்டுச் செடி வளர்ப்போர் சங்கம் 2000ஆம் ஆண்டின் சிறந்த செடியாக இதனைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் இது தண்டுத் துண்டுகளை வேர்விடச் செய்து பெருக்கப்படும் செடி. எனவே இப்பெயரில் யாரேனும் விதை விற்க வந்தால் வாங்கவேண்டாம்.

சமவெளியிலுள்ள அங்கத்தினர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது குளிர்ந்த நாட்டுச் செடி. உதகையைப் போல 2,200 மீட்டர் உயரத்திலும், குன்னூர், கொடைக்கானல் போன்ற இடங்களிலும் வளர்க்கலாம். ஈரோட்டிலும் சேலத்திலும் கோடை வெயிலையும் புழுக்கத்தையும் தாங்கிப் பல்லாண்டு நிற்காது. அங்குள்ளோர் இதற்காகப் பணம் இடவேண்டாம்.

ஆயினும் நெசவாளர்கள் இக்கட்டுரையை இத்துடன் மூடிவிடவும் வேண்டாம். இச்செடியின் நெருங்கிய உறவு ஒன்று அவர்கள் தொழிலைச் சார்ந்தது. ‘டீசல்’ என்று ஆங்கிலத்தில் வழங்கும் முட்செடி அது. எரியெண்ணெய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. அதன் காய்ந்த பூத்தலையில் நுனி வளைந்த சிறு கொக்கிகள் நெருக்கமாக அமைந்திருக்கும். கம்பளித் துணியை நெய்து முடித்தபின், இத்தலைகளைச் சட்டத்திலோ உருளையிலோ வரிசையாகப் பொருத்தித் துணியின் மேல் தேய்ப்பர். கொக்கிகள் நூலின் நுண்ணிழைகளை மேலே இழுத்து, துணிக்கு மெத்தென்ற மேற்பரப்பைத் தரும். இழை அறுமளவுக்கு இழுப்பு மிகுந்தால் துணி கிழிவதற்கு முன் கொக்கி ஒடிந்துவிடும். பிற்காலத்தில் கம்பிப் பல் வைத்த பொறி வந்து இதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டபோதும், இங்கிலாந்தின் சாமர்செட் பகுதி உழவர் இருபதாம் நூற்றாண்டிலும் இதனைத் துணி ஆலைகளுக்காகப் பயிரிட்டு வந்தனர். நம் பருத்தித் தறிக்கு இதனால் வேலையில்லை. இருப்பினும் உழவனும் நெசவாளனும் ஒரே பூவை எதிர்நோக்கி நின்ற காலம் ஒன்று இருந்தது என்பதை இப்பத்திரிகையில் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை.

இனி மண். நீலகிரி மண் பெரும்பாலும் புளிப்புடையது. அதனால்தான் அங்கே தேயிலை செழிக்கிறது. வீட்டு வாசலில் ஹைட்ரேஞ்சியாச் செடி நீலமாகப் பூக்கிறதென்றால் அம்மண் புளிப்பு மண் என்று அறியலாம். அத்தகைய மண்ணில் ஸ்கேபியோசாவை அப்படியே நட்டால், இலை வெளுத்துச் செடி குன்றி நிற்கும். மண் பரிசோதனை நிலையத்துக்கு மாதிரி அனுப்பி, கார அமில நிலை 6.5 முதல் 7.5 வரை வருமாறு டோலமைட் தூள் இடவேண்டும். தேயிலைத் தோட்டங்களில் இடும் அதே தூள்தான். அளவை மண்ணே சொல்லவேண்டும். அடுத்தவர் தோட்டத்து அளவை நம் தோட்டத்துக்குக் கொள்ளலாகாது. நடுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னரே இட்டுக் கிளறி நீர் தெளித்து வைக்கவேண்டும். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு மலிவாகக் கிடைக்கிறதென்று அதனை இடுவோர் உளர். அது இளவேரைச் சுட்டுவிடும். டோலமைட்டையும் பச்சை எருவையும் ஒரே நாளில் கலப்பதும் தவறு. தழைச்சத்து ஆவியாகப் போய்விடும்.

விதை வந்தவுடன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. அதனைச் செய்யாமல் ஒரு விதையும் மண்ணுக்குள் போகலாகாது. மொத்த விதையிலிருந்து 50 விதைகளைப் பொறுக்காமல் எடுத்து, நனைத்துப் பிழிந்த கோராத் துணியில் இடைவெளி விட்டுப் பரப்பிச் சுருட்டி, ஈரம் காயாமல் வீட்டுக்குள் வைக்கவேண்டும். 14 நாட்கள் கழித்து முளைத்தவற்றை எண்ணவேண்டும். 30 முளைத்தால் நூற்றுக்கு 60 என்பது கணக்கு. இவ்விதை நெடுநாள் உயிரோடிருப்பதன்று. பழைய சரக்கு எளிதில் கைக்கு வந்துவிடும். விதைப் பணம் முழுவதையும் கொடுத்து முடிக்கும் முன்னரே இச்சோதனையைச் செய்வதென்று நிர்வாகக் குழு விற்பவரிடம் பேசிக்கொள்வது நன்று.

இந்த எண்ணிலிருந்தே வேண்டிய விதையைக் கணக்கிடலாம். ஒரு குழுவினர்க்கு விற்பனைக்கு 600 செடிகள் வேண்டுமென்று கொள்வோம். 100 விதையில் 60 முளைக்கும். முளைத்தவற்றுள் ஐந்தில் ஒன்று அழுகலாலும் நலிவாலும் கழியுமென்று வைத்தால் 48 செடிகள் மிஞ்சும். ஆகவே 600 செடிகளுக்கு 1,250 விதைகள் வேண்டும். உறைக்கு 50 விதை என்றால் 25 உறைகள். 20 உறைகளே வாங்கினால் 480 செடிகளுக்குமேல் எதிர்பார்க்க இயலாது. விதைக்கும் முன் இக்கணக்கைப் போட்டுவிட்டால், பின்னால் பங்கீட்டில் மனவருத்தம் வராது.

விதைக்கும் காலத்தைப் பார்ப்போம். குட்டை ஜப்பானிய வகை விதைத்த நாளிலிருந்து பூக்க ஏறத்தாழ 16 வாரங்கள் ஆகும். குளிர் மிகுந்தால் இன்னும் இரண்டு வாரம் கூடும். மே மாத நடுவில் பூவோடு தொட்டியை விற்கவேண்டுமாயின், பொங்கலுக்கு முன்னரே விதைத்துவிடவேண்டும். உதகையில் அப்போது உறைபனிக் காலம். விதை முளைக்கவோ 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆதலால் குழித்தட்டுகளை அடுப்படிக்கு அருகிலுள்ள அறையில் வைத்து முளைக்கவைத்தேன். முதல் பருவத்தில் வெளிக் கொட்டகையில் வைத்த இரண்டு தட்டுகள் ஒரு மாதமாகியும் ஒன்றிரண்டு முளைகளையே காட்டின. வீட்டுக்குள் இருந்தவை 12ஆம் நாள் தலை காட்டின.

குழித்தட்டில் இடும் கலவை நீரை வடியவிட வேண்டும். கழுவிய தென்னை நார்க்கழிவு, மணல், நன்கு மக்கிய தொழு உரம் ஆகியவற்றைக் கலந்து, சிறிது டோலமைட்டும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற உயிர்ப் பூசணமும் சேர்த்துக்கொள்ளலாம். பின்னது நாற்றழுகல் நோயைத் தடுப்பது. குழிக்கு ஒரு விதை போதும். விதையைக் கையில் எடுத்துப் பார்த்தால் காகிதம் போன்ற ஒரு குடையும் ஐந்து முட்களும் அதனோடு ஒட்டியிருக்கும். இறகுப் பந்தின் சிற்றுருவம் என்றே சொல்லலாம். அவற்றைக் கிள்ளவேண்டியதில்லை, விதையைப் படுக்கவைத்து, அதன் பருமனளவே, அதாவது சுமார் 3 மில்லிமீட்டர், கலவையால் மூடவேண்டும். ஆழமாகப் புதைத்தால் முளை மேலே வராது. பூவாளியின் மெல்லிய துளைகள் வழியே நீர் தெளிக்கவேண்டும். முளை தெரிந்த அன்றே மூடியிருந்த தாளை எடுத்துவிட்டு வெளிச்சமும் காற்றும் படும் இடத்துக்கு மாற்றவேண்டும். அதன்பின் காலையில் மட்டுமே நீர். மாலையில் தெளித்த நீர் இரவெல்லாம் நின்று கழுத்தை அழுகச் செய்யும்.

நாற்றின் இலையைக் கண்டு சிலர் ஏமாறுவர். முதலில் இரண்டு வித்திலைகள் வரும். அடுத்து வரும் இலைகள் பிளவின்றி முழுமையாக இருக்கும். பின்னர் தோன்றுபவை ஓரம் பிளந்து, இறகு போல் ஆகும். ஒரே தட்டில் இரு வடிவ இலைகளைக் கண்டு, ஒன்றைக் களையென்று பிடுங்கிய வீட்டார் எனக்குத் தெரியும். அவ்வாறு பிடுங்கியவன் பெயரை இங்கே எழுத நாணுகிறேன், அவன் இக்கட்டுரையின் கீழ்க் கையொப்பமிடுபவன்.

ஆறு வாரமளவில் நாற்று மூன்று இணை இலைகளுடன் நிற்கும். அப்போது 12 சென்டிமீட்டர் தொட்டிக்கு மாற்றலாம். மண் இரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு போதும். இலைகள் கிளம்பும் குருத்துப் பகுதி மண் மட்டத்தில் இருக்கவேண்டும். அதன் மேல் மண் மூடினால் மழைக் காலத்தில் அழுகும். தழைச்சத்து உரத்தை மிகுதியாக இடுவது வீண் செலவு. இலை பெருகிக் காம்பு தளரும், பூ குறையும். பாத்தியில் நடுவோர் செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் இடைவெளி விடுக. தென்மேற்குப் பருவமழை வலுத்துப் பெய்யும் இடங்களில் பாத்தியைத் தரைமட்டத்திலிருந்து ஒரு சாண் உயர்த்தி, நீர் நிற்காத சரிவில் அமைப்பது இன்றியமையாதது. இச்செடி குளிரால் சாவதைவிட வேரில் நீர் தேங்கிச் சாவதே மிகுதி. அசுவினியும் சாம்பல் நோயும் ஓடில்லா நத்தையும் தொல்லை தருவனவே. நெருக்கமாக நடாமல் காற்றோட்டம் விட்டால் பாதித் தொல்லை நீங்கும்.

பூக்கத் தொடங்கியபின் வாரம் இருமுறை வாடிய தலைகளைக் கத்தரிக்கவேண்டும். கத்தரித்தால் மாதக் கணக்கில் தொடர்ந்து பூக்கும். விட்டுவிட்டால் விதை கட்டுவதில் முனைந்து பூவை நிறுத்திவிடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. மொட்டும் பச்சைப் பொத்தான் போல் இருக்கும். இதழ் உதிர்ந்த தலையும் பச்சைப் பொத்தான் போல் இருக்கும். கூலிக்கு வந்தவர் ஒரே காலையில் மொட்டுகளையெல்லாம் கத்தரித்துச் சென்றதுண்டு. மொட்டு மேலே தட்டையாக இருக்கும். வாடிய தலை நடுவில் கூம்பாக எழுந்து, விரலால் தடவினால் முட்கள் உறுத்தும். இவ்வேறுபாட்டைத் தோட்டத்திலேயே காட்டிக் கொடுத்த பின்னரே கத்தரிக்கோலைக் கொடுக்கவேண்டும்.

பல்லாண்டுச் செடி என்பதால் என்றும் நிற்குமென்று எண்ணலாகாது. மூன்று நான்கு ஆண்டுகளில் நடுப்பகுதி கட்டைபோலாகிப் பூ குறையும். அதற்குள் புது நாற்று தயாராக இருக்கவேண்டும். ஆகவேதான் சங்கமே விதை எடுக்கலாமா என்ற கேள்வி எழுகிறது.

எடுக்கலாம், ஆனால் எளிதன்று. இப்பூவில் மகரந்தம் முதலில் முதிர்கிறது. சூல்முடி பின்னரே முதிர்கிறது. எனவே தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் ஒரு பூவிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோகும் மகரந்தத்தால்தான் பெரும்பாலும் விதை பிடிக்கும். பக்கத்துத் தோட்டத்தில் அதே இனத்தின் உயரமான வகை நின்றால், நம் குட்டைச் செடியின் விதையிலும் உயர்ந்த செடிகள் கலந்து வரும். விதைக்கென ஒதுக்கும் இடத்தில் ஒரே வகை மட்டும் இருக்கவேண்டும். மற்றவற்றைவிட உயர்ந்து வரும் செடியைப் பூ மலரும் முன்னரே பிடுங்கிவிடவேண்டும். பிடுங்க மனம் வராதவர் விதைத் தோட்டப் பொறுப்பை ஏற்கவேண்டாம். தலை வைக்கோல் நிறமடைந்து, தொட்டால் உதிரும் நிலையில் காலைப் பனி உலர்ந்தபின் கொய்து, நிழலில் உலர்த்துக. நகத்தால் அழுத்தினால் நசுங்குவது வெறும் உமி. அதனைப் புடைத்துக் கழிக்கவேண்டும்.

சட்டத்தையும் கவனிக்கவேண்டும். 2001ஆம் ஆண்டின் பயிர் வகைப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட வகையானாலும் உழவர் தம் விளைச்சலின் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பிறரோடு மாற்றிக்கொள்ளவும், விற்கவும் உரிமை உண்டு. ஆனால் அத்தகைய வகையின் விதையை உறையிலிட்டு, அவ்வகைப் பெயரை முத்திரையாக அச்சிட்டு விற்க உரிமையில்லை. அங்கத்தினர்கள் தம்முள் பங்கிட்டுக்கொள்ளத் தடையில்லை.

முன்னே கூறிய சங்கத்தார் சென்ற ஆண்டு மீண்டும் விதை வாங்கினர். இம்முறை கொள்முதல் தாளில் செடியின் முழுப் பெயர், பல்லாண்டு இனம் என்ற குறிப்பு, முதிர்ந்த செடியின் உயரம், விதை அடைத்த மாதம், முளைப்புச் சோதனையின் எண் ஆகிய ஐந்துக்கும் தனித்தனிக் கட்டங்கள் வரைந்திருந்தனர். கட்டம் வரைந்தவர் என்னைக் கேள்வி கேட்ட அதே மூத்த அங்கத்தினர். முளைப்பு எண்ணைக் காட்டும் கட்டம் காலியாக இருந்ததால் நான் அத்தாளில் கையொப்பமிடவில்லை. 14 நாட்கள் கழித்து, துணியில் முளைத்த விதைகளுடனேயே அவர் அலுவலகத்துக்கு வந்து, 50க்கு 37 என்று எழுதச் சொன்னார். இருவரும் ஒருமுறை எண்ணிப் பார்த்து எழுதினோம்.